நம்ப மறுப்பவருக்கு நிகழ்தகவுப் புதிரை விளக்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் யாருக்கு?

நிகழ்தகவுப் புதிர் ஒன்றின் சரியான விடை தெரிந்திருந்தும், எதிரில் இருப்பவரை இணங்கச் செய்ய முடியாமல் தவிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். விடையை நம்பாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம்; அவர்கள் பக்கத்து நியாயத்துக்கு இங்கே நிறைய இடம் உண்டு. என் கட்சி இதுதான்: இத்தகைய சச்சரவுகள் பலவற்றில் மறுப்பவர் போடும் கணக்கில் பிழை இருப்பதில்லை. அவர் வேறொரு கேள்விக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். எந்தக் கேள்விக்கு என்று கண்டுபிடிப்பதுதான் விளக்குபவரின் முதல் வேலை. அதைச் செய்யாமல் விடையையே திரும்பத் திரும்ப உரக்கச் சொல்வதால்தான் பேச்சு சண்டையாகிறது.

எல்லோரும் சண்டை போடும் அந்த மூன்று கதவுப் புதிர் என்ன?

மூடிய மூன்று கதவுகள். ஒன்றின் பின்னால் கார், மற்ற இரண்டின் பின்னால் ஆடுகள். நீங்கள் ஒரு கதவைச் சொல்கிறீர்கள். கார் எங்கே என்று அறிந்த தொகுப்பாளர், நீங்கள் சொல்லாத இரண்டு கதவுகளில் ஆடு இருக்கும் ஒன்றைத் திறந்து காட்டுகிறார். பிறகு, “முதலில் சொன்ன கதவிலேயே நிற்கிறீர்களா, மற்றதற்கு மாறுகிறீர்களா?” என்று கேட்கிறார். மாறினால் கார் கிடைக்கும் நிகழ்தகவு 2/3. மாறாமல் நின்றால் 1/3.

ஸ்டீவ் செல்வின் என்ற புள்ளியியலாளர் 1975இல் ‘தி அமெரிக்கன் ஸ்டாட்டிஸ்டிஷியன்’ இதழுக்கு எழுதிய கடிதத்தில் இது வெளிவந்தது. மறுப்புகள் வந்ததால் அதே ஆண்டு இரண்டாவது கடிதமும் எழுதினார். 1963இல் தொடங்கிய ‘லெட்ஸ் மேக் எ டீல்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் தொகுப்பாளர் மான்டி ஹாலின் பெயர் புதிருக்கு நிலைத்துவிட்டது.

2/3 என்பதைச் சுருக்கமாக எப்படிச் சொல்வது?

ஆட்டம் 300 முறை நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் தேர்விலேயே கார் அமைவது ஏறத்தாழ 100 முறை. மற்ற 200 முறை நீங்கள் ஆடு இருக்கும் கதவைச் சொல்லியிருப்பீர்கள். அந்த 200 முறையும் தொகுப்பாளருக்கு வேறு வழியே கிடையாது. அவர் கையில் இருக்கும் இரண்டு கதவுகளில் ஒன்றில் கார், ஒன்றில் ஆடு. காரைத் திறக்கக் கூடாது என்பதால் ஆட்டைத் திறந்தே ஆக வேண்டும். மூடியே இருக்கும் கதவில் கார். ஆகவே மாறுபவருக்கு 200 முறை கார், மாறாதவருக்கு 100 முறை.

நான் அறிந்த விளக்கங்களில் இதுவே நேரானது. ஆனால் இதைச் சொன்ன மாத்திரத்தில் எதிரில் இருப்பவர் முகம் மலரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர் மனத்தில் வேறொரு வாதம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அதை எழுப்பி அனுப்பாமல் புதியதற்கு இடமில்லை.

“மீதி இரண்டு கதவுகள், ஆகவே பாதிக்குப் பாதி” என்பவர் எங்கே வழுக்குகிறார்?

இது அறியாமையில் பிறந்த வாதம் இல்லை. பள்ளியில் நாம் கற்பித்த பாடத்தையே அவர் பயன்படுத்துகிறார்: சாத்தியங்களை எண்ணு, அவற்றால் வகு. பகடைக்கும் சீட்டுக்கட்டுக்கும் அது பொருந்தியது. அந்தப் பாடத்தில் ஒரு நிபந்தனையை நாம் மெல்லிய குரலில் சொன்னோம், அவர் மறந்துவிட்டார்: எண்ணப்படும் சாத்தியங்கள் சமவாய்ப்பு உள்ளவையாக இருக்க வேண்டும்.

இதே இடத்தில் பெரிய அறிஞர்களும் வழுக்கியிருக்கிறார்கள். பிரெஞ்சுக் கணித மேதை தலம்பேர், 1754இல் வெளிவந்த பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத் தொகுதியில், நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழும் வாய்ப்பு 2/3 ஆகாதா என்று வாதிட்டார். அவர் எண்ணியது மூன்று சாத்தியங்கள்: முதலிலேயே தலை (ஆட்டம் அங்கேயே முடிந்தது), பூவுக்குப் பின் தலை, இரண்டும் பூ. மூன்றில் இரண்டு சாதகம். ஆனால் முதல் சாத்தியத்தின் எடை மற்ற ஒவ்வொன்றையும்போல் இரண்டு மடங்கு. சரியான விடை 3/4. லைப்னிட்ஸும் இரண்டு பகடைகளில் கூட்டுத்தொகை 11 வருவதும் 12 வருவதும் சமவாய்ப்பு என்று கருதினார். 11க்கு இரண்டு வழிகள் (5-6, 6-5), 12க்கு ஒன்றே.

கதவுகளுக்கு வருவோம். நீங்கள் முதல் கதவைச் சொன்னீர்கள், அவர் மூன்றாவதைத் திறந்தார். முன்போலவே 300 ஆட்டங்களை எடுத்துக்கொண்டு, அவர் மூன்றாவதைத் திறந்தவற்றை மட்டும் பிரித்தெடுங்கள். கார் இரண்டாவதில் இருந்த 100 முறையும் அவர் மூன்றாவதைத்தான் திறந்தாக வேண்டும். கார் முதல் கதவில் இருந்த 100 முறையில் இரண்டாவது, மூன்றாவது எதையும் திறக்கலாம். பாரபட்சம் இல்லையென்றால் மூன்றாவது 50 முறை. 100க்கு 50. மீதி இருப்பவை இரண்டு கதவுகள்தாம். அவற்றின் எடை இரண்டுக்கு ஒன்று. “இரண்டு இருக்கின்றன என்பதால் சமம் என்று ஆகிவிடுமா?” என்று மட்டும் கேட்டு, தலம்பேரின் நாணயத்தை முதலில் காட்டுங்கள். நாணயத்தில் ஒப்புக்கொண்டவருக்குக் கதவுகள் பாதி தூரம் வந்துவிட்டன.

“நாணயத்துக்கு நினைவில்லை என்றீர்கள், கதவுக்கு மட்டும் நினைவிருக்கிறதா?”

எனக்கு மிகவும் பிடித்த மறுப்பு இது. கேட்பவர் சிந்திக்கிறவர். 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ சூதாட்ட விடுதியின் ரூலெட் சக்கரத்தில் கறுப்பு தொடர்ந்து 26 முறை விழுந்தது. அடுத்தது சிவப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்பிப் பணம் கட்டியவர்கள் பெரும் தொகையை இழந்தார்கள். நடந்து முடிந்தது அடுத்த சுழற்சியைத் தொடாது என்று நாமே சொல்லிக்கொடுத்தோம். அதைக் கற்றுக்கொண்டவர், “முதலில் நான் எதைச் சொன்னேன் என்பது பழங்கதை, இப்போது இருப்பவை இரண்டு கதவுகள்” என்கிறார்.

அவருக்கு உரிய பதில்: ரூலெட் சக்கரம் உங்கள் பழைய பந்தயத்தைப் பார்த்துச் சுழல்வதில்லை. தொகுப்பாளரோ உங்கள் தேர்வைப் பார்த்துத்தான் கதவைத் திறக்கிறார். நீங்கள் சொன்ன கதவை அவர் ஒருபோதும் திறக்க மாட்டார். கார் இருக்கும் கதவையும் திறக்க மாட்டார். உங்கள் கதவு இந்தச் சோதனைக்கு உட்படவே இல்லை. மற்ற கதவு உட்பட்டுத் தப்பி வந்தது. நினைவு கதவில் இல்லை, கதவைத் திறந்தவரிடம் இருக்கிறது.

நூறு கதவுகளாக்கிச் சொன்னால் உடனே புரியும் என்கிறார்களே?

பலருக்குப் புரிகிறது. நூறு கதவுகளில் ஒன்றை நீங்கள் சொல்ல, அவர் 98ஐத் திறந்து ஒன்றை மட்டும் மூடி வைத்தால், மாறத்தான் தோன்றும். ஆனால் கூர்மையான ஒருவர், “மூன்றில் அவர் ஒரு கதவைத்தானே திறந்தார்? நூறிலும் ஒன்றையே திறக்கட்டும்” என்பார். இதைக் குதர்க்கம் என்று ஒதுக்கக் கூடாது. மூன்றை நூறாக்க இரண்டு வழிகள் உள்ளன. நமக்கு வசதியானதை நாம் சொல்லாமல் எடுத்துக்கொண்டோம். அவர் வழியிலேயே கணக்கிடலாம்: ஒரே ஒரு கதவைத் திறந்தால் உங்கள் கதவின் வாய்ப்பு 1/100ஆகவே இருக்கும், மீதி 98 கதவுகளுக்கு 99/100ஐப் பங்கிட்டால் தலைக்கு 99/9800. ஒரு துளி அதிகம். அவர் வழியிலும் மாறுவதே மேல்.

இந்த விளக்கத்தில் இதைவிட ஆழமான ஓட்டை ஒன்று உண்டு. தொகுப்பாளர் அறிந்து திறக்கிறார் என்பதை அது எங்கே பயன்படுத்துகிறது என்று கேட்பவருக்குத் தெரிவதில்லை. “மற்ற இரண்டு கதவுகளையும் சேர்த்து உங்களுக்குக் கொடுப்பதற்கு இது சமம்” என்ற புகழ்பெற்ற விளக்கத்துக்கும் அதே குறை. கண்ணை மூடிக்கொண்டு திறக்கும் தொகுப்பாளருக்கும் அந்த வார்த்தைகளை அப்படியே சொல்லலாம்; ஆனால் அங்கே விடை 2/3 இல்லை. தவறான இடத்திலும் அதே உறுதியோடு ஒலிக்கும் விளக்கத்தை ஒருவர் சந்தேகித்தால், அந்தச் சந்தேகம் ஆரோக்கியமானது.

கண்ணை மூடித் திறந்தால் விடை மாறுமா? திறந்தது ஆடுதானே?

மாறும். இதைத்தான் எல்லா விளக்கங்களுக்கும் முன்னால் சொல்ல வேண்டும் என்பேன். கார் எங்கே என்று தெரியாத தொகுப்பாளர் குருட்டாம்போக்கில் ஒரு கதவைத் திறக்கிறார். 300 ஆட்டங்களில் 100 முறை காரே வெளிப்பட்டு ஆட்டம் கெடும். 100 முறை கார் உங்கள் கதவில் இருக்கும், 100 முறை மற்றதில். ஆடு வெளிப்பட்ட 200 ஆட்டங்களை மட்டும் பார்த்தால் சரிபாதி. மாறினாலும் ஒன்றுதான், நின்றாலும் ஒன்றுதான்.

கண்ணுக்குத் தெரிவது இரண்டிலும் ஒரே காட்சி: திறந்த கதவில் ஓர் ஆடு. விடையோ ஒன்றில் 2/3, ஒன்றில் 1/2. காட்சி எப்படி உருவானது என்பதுதான் வேறுபாடு. பாதிக்குப் பாதி என்று பிடிவாதம் பிடிப்பவரிடம் “தொகுப்பாளருக்குக் கார் இருக்கும் இடம் தெரியும் என்று எடுத்துக்கொண்டீர்களா?” என்று கேட்டுப் பாருங்கள். திறந்த ஆட்டை ஒரு செய்தியாக மட்டும் எடுத்துக்கொண்டு, அது எப்படி வந்தது என்று யோசிக்காதவர்கள் பலர். அவர்கள் மனத்தில் ஓடும் ஆட்டத்துக்கு அவர்கள் விடை சரி. அதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: “அந்த ஆட்டத்தில் நீங்கள் சொல்வதே சரி.” இந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு பேச்சின் சூடு தணிவதைக் காணலாம்.

கெட்ட எண்ணம் கொண்ட தொகுப்பாளரும் சாத்தியம். நீங்கள் காரைச் சரியாகச் சொன்னபோது மட்டும் ஆட்டைக் காட்டி ஆசை காட்டுவார். தவறாகச் சொன்னால் பேசாமல் உங்கள் கதவைத் திறந்து அனுப்பிவிடுவார். அவரிடம் மாறினால் கார் கிடைக்கும் வாய்ப்பு பூஜ்யம். மான்டி ஹாலே 1991இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ நிருபருக்கு இதை ஆடிக் காட்டினார். தொகுப்பாளர் எப்போதும் கதவைத் திறந்து மாறும் வாய்ப்பைத் தந்தே ஆக வேண்டும் என்ற விதி இருந்தால்தான் மாறுவது மேல் என்பது அவர் கருத்து. புதிரைச் சொல்பவர்களில் பலர் இந்த விதியை விட்டுவிடுகிறார்கள். விதியைச் சொல்லாமல் விடையை மட்டும் கேட்பது நியாயமாகாது.

படித்தவர்களுமா ஏமாந்தார்கள்?

1990இல் ‘பரேடு’ இதழில் மரிலின் வோஸ் சாவன்ட் தம் கேள்வி-பதில் பகுதியில் மாறுவதே சரி என்று எழுதினார். ஏறத்தாழ 10,000 கடிதங்கள் வந்தன. அவற்றில் ஆயிரத்துக்கு அருகில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் எழுதியவை. பெரும்பாலானவை அவர் தவறு என்றன, பல கேலியாகவும் இருந்தன. பள்ளி வகுப்புகளில் மாணவர்களே ஆடிப் பார்க்கட்டும் என்று அவர் வேண்டினார். ஆடிய வகுப்புகளிலிருந்து வந்த முடிவுகள் அவர் சொன்னதை உறுதிசெய்தன.

இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் கணிதவியலாளர்களில் ஒருவரான பால் எர்டிஷும் முதலில் ஏற்கவில்லை. நண்பர் ஆண்ட்ரூ வாசோனி கணினியில் ஆட்டத்தை மீண்டும் மீண்டும் ஓட்டிக் காட்டிய பிறகே இறங்கிவந்தார். அப்போதும் ஏன் என்ற காரணம் கிடைக்காதது அவரை உறுத்தியது. எனக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது: எண்களால் வாயடைத்துப்போவதும் புரிந்துகொள்வதும் வேறு வேறு. வாயடைத்தவரைப் பார்த்து வென்றுவிட்டோம் என்று எண்ணுவது வீண்.

அப்படியானால் ஆடிப் பார்ப்பதால் பயனில்லையா?

உண்டு, ஆனால் யார் எந்த இடத்தில் உட்கார்கிறார் என்பதைப் பொறுத்தது. மறுப்பவரைப் போட்டியாளராக உட்கார வைத்து மாறு, மாறாதே என்று ஆட்டினால், அவர் வெற்றி தோல்விகளின் பட்டியலைத்தான் பார்க்கிறார். “தற்செயல்” என்று சொல்லிவிடலாம். 2010இல் ஹெர்ப்ரான்சனும் ஷ்ரோடரும் வெளியிட்ட ஆய்வில், புறாக்கள் இந்த ஆட்டத்தைப் பலமுறை ஆடி, ஏறக்குறைய எப்போதும் மாறக் கற்றுக்கொண்டன. கல்லூரி மாணவர்கள் நெடுநேரம் ஆடியும் அந்த அளவுக்கு வரவில்லை. கிடைப்பதை மட்டும் பார்க்கும் பறவைக்கு முன்முடிவு கிடையாது. மனிதருக்கு உண்டு.

ஆகவே மறுப்பவரைத் தொகுப்பாளர் ஆக்குங்கள். மூன்று சீட்டுகள் போதும். ஒன்று ராஜா, இரண்டு வெறும் சீட்டுகள். அவர் பார்த்து அடுக்கட்டும், நீங்கள் ஒன்றைத் தொடுங்கள், அவர் விதிப்படி ஒரு வெறும் சீட்டைத் திருப்பட்டும். ஒவ்வொரு சுற்றிலும், திருப்புவதற்கு முன், “இந்த முறை உங்களுக்குத் தேர்வு இருந்ததா, கட்டாயமா?” என்று மட்டும் கேளுங்கள். மூன்றில் இரண்டு பங்கு சுற்றுகளில் தம் கை கட்டப்பட்டிருப்பதை அவரே உணர்வார். ராஜாவைத் தாமே உங்களுக்காக ஒதுக்கி வைக்கும் உணர்வு அவருக்கு வந்துவிட்டால், நீங்கள் எதுவும் விளக்க வேண்டியதில்லை.

ஆட்டம் தொடங்குமுன் அவர் கணிப்பை எழுதி வாங்கிக்கொள்வதும் நல்லது: முப்பது சுற்றில் மாறுபவர் எத்தனை முறை வெல்வார்? பிறகு பேச்சை மாற்றாமல் இருக்க இருவருக்கும் அது உதவும்.

தொகுப்பாளரே இல்லாத புதிர் உண்டா?

உண்டு, தொகுப்பாளரின் மனத்தைப் பற்றிய வாதத்தில் சிக்கிக்கொண்டவருக்கு அதுவே மருந்து. ஜோசப் பெர்த்ரான் 1889இல் தந்தது: மூன்று பெட்டிகள். ஒன்றில் இரண்டு தங்கக் காசுகள், ஒன்றில் இரண்டு வெள்ளிக் காசுகள், ஒன்றில் தங்கம் ஒன்றும் வெள்ளி ஒன்றும். ஏதோ ஒரு பெட்டியிலிருந்து பாராமல் ஒரு காசை எடுத்தீர்கள், தங்கம். அதே பெட்டியில் மீதி இருப்பதும் தங்கமாக இருக்கும் வாய்ப்பு என்ன? இரண்டு பெட்டிகள்தாம் சாத்தியம், ஆகவே பாதி என்று தோன்றும். விடை 2/3. எடுத்தது மூன்று தங்கக் காசுகளில் ஏதோ ஒன்று. அவற்றில் இரண்டுக்குத் துணை தங்கம். பெட்டியை எண்ணாமல் காசை எண்ணச் சொல்லுங்கள், போதும்.

“ஒரே ஒரு முறை ஆடப்போகிற எனக்கு 300 ஆட்டக் கணக்கு எதற்கு?”

ஒரு முறைதான் என்றாலும், பத்தில் ஒன்பது பேர் பிழைக்கும் அறுவை சிகிச்சையையும் பத்தில் ஒருவர் பிழைக்கும் அறுவை சிகிச்சையையும் நீங்கள் ஒன்றாகப் பார்ப்பீர்களா? மாட்டீர்கள். அதற்கு மேல் வாதம் தேவையில்லை.

பிறந்தநாள் புதிரை மட்டும் ஏன் விரைவில் ஒப்புக்கொள்கிறார்கள்?

23 பேர் இருந்தால் யாரேனும் இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு 50.7 சதவீதம். முதலில் நம்ப மறுப்பவர், “என் பிறந்தநாள் யாருக்காவது இருக்குமா?” என்ற கேள்வியைத்தான் மனத்தில் வைத்திருக்கிறார். மற்ற 22 பேரில் ஒருவருக்கு அது அமைய ஆறு சதவீதமே வாய்ப்பு. அந்தக் கேள்விக்குப் பாதி வாய்ப்பு வர 253 பேர் வேண்டும். 23 பேரில் உருவாகும் இணைகளை எண்ணினால் அதுவும் 253. இந்த இரண்டு கேள்விகளையும் அடுத்தடுத்து வைத்தாலே ஒப்புக்கொள்கிறார்கள், ஏனென்றால் இங்கே எந்தத் தகவலும் யார் வாயிலாகவும் வருவதில்லை. மறைந்த விதி ஏதும் இல்லை.

இரண்டு குழந்தைகள் புதிரில் 1/3 என்று அடித்துச் சொல்லலாமா?

வேண்டாம். “ஒருவருக்கு இரண்டு குழந்தைகள், அவர்களில் ஒருவராவது ஆண். இருவரும் ஆணாக இருக்கும் வாய்ப்பு என்ன?” என்பது புதிர். மார்ட்டின் கார்ட்னர் 1959இல் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் 1/3 என்று விடை தந்தார். ஆண்-ஆண், ஆண்-பெண், பெண்-ஆண் என்ற மூன்று சமவாய்ப்புகளில் ஒன்று. பின்னர், கேள்வியின் வாசகம் ஒன்றுக்கு மேற்பட்ட பொருளுக்கு இடம் தருகிறது என்று அவரே ஏற்றுக்கொண்டார்.

பிரச்சினை இதுதான். இரண்டு குழந்தைகள் உள்ள எல்லாப் பெற்றோரையும் அழைத்து, “உங்களுக்கு ஓர் ஆண் குழந்தையாவது உண்டா?” என்று கேட்டு, ஆம் என்றவர்களை நிறுத்தினால் விடை 1/3. ஒருவர் தம் இரண்டு குழந்தைகளில் எதேச்சையாக ஒருவரை நினைத்து, “அவன் பையன்” என்று சொன்னால் விடை 1/2. ஆண்-பெண் குழந்தைகள் உள்ளவர் பாதி நேரம் “பெண்” என்று சொல்லியிருப்பார் என்பதே காரணம். அன்றாட உரையாடலில் இரண்டாவது வகையே அதிகம். எனவே 1/2 என்று சாதிப்பவர் பெரும்பாலும் அனுபவத்திலிருந்து பேசுகிறார். அவரிடம் “பிடித்த முயலுக்கு மூன்று கால்” என்று நாம் நிற்பது அழகில்லை.

2010இல் பேசப்பட்ட இன்னொரு வடிவில், “ஒருவராவது செவ்வாய்க்கிழமை பிறந்த ஆண்” என்று வரும். கேட்டு வடிகட்டும் முறையில் விடை 13/27. பாலும் கிழமையும் சேர்த்து ஒரு குழந்தைக்கு 14 சாத்தியங்கள், இருவருக்கும் 196. செவ்வாய்க்கிழமை ஆண் ஒருவராவது இருப்பது 27 கட்டங்கள், அவற்றில் இருவரும் ஆண் என்பது 13. கிழமைக்கும் தங்கை தம்பிக்கும் என்ன தொடர்பு என்று கோபப்படுபவரிடம் 14க்கு 14 கட்டம் வரைந்து எண்ணச் சொல்லுங்கள். ஆனால் இதை முதல் புதிராக எடுக்காதீர்கள். அவநம்பிக்கையை வளர்க்க இதைவிடச் சிறந்த வழி கிடையாது.

இது வெறும் விளையாட்டுதானே? இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

1978இல் வெளியான ஓர் ஆய்வில், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி சார்ந்த மாணவர்களும் மருத்துவர்களுமாக 60 பேரிடம் ஒரு கேள்வி வைக்கப்பட்டது. நோய் ஆயிரத்தில் ஒருவருக்கு உண்டு. பரிசோதனை, நோயற்றவர்களில் 5 சதவீதம் பேருக்கும் தவறாக நோய் உண்டு என்று காட்டும். ஒருவருக்கு அப்படிக் காட்டினால், அவருக்கு உண்மையில் நோய் இருக்கும் வாய்ப்பு என்ன? அதிகம் பேர் சொன்ன விடை 95 சதவீதம். சரியான விடை ஏறத்தாழ 2 சதவீதம். அதைச் சொன்னவர்கள் 11 பேர். நோயற்ற ஒருவர் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அஞ்சி நடுங்குவதற்கும், தேவையற்ற சிகிச்சைக்கு உள்ளாவதற்கும் இந்த இடைவெளியே போதும். அதனால்தான் மெனக்கெடுகிறேன்.

விளக்கம் எளிது. ஆயிரம் பேரைப் பரிசோதித்தால் நோயாளி ஒருவர்; அவருக்குப் பரிசோதனை ‘உண்டு’ என்றே காட்டுவதாகக் கொள்வோம். நோயற்ற 999 பேரில் சுமார் 50 பேருக்குத் தவறான முடிவு. முடிவு ‘உண்டு’ என வந்த 51 பேரில் ஒருவருக்கே நோய். சதவீதங்களை விட்டுத் தலைகளை எண்ணினால் சரியாகச் சொல்பவர்கள் கணிசமாகக் கூடுகிறார்கள் என்பதை கெர்ட் கிகரென்சரும் உல்ரிச் ஹொஃப்ராகேயும் 1995இல் காட்டினார்கள்.

இங்கும் மறுப்பவருக்கு ஒரு நியாயம் உண்டு. “நான் பார்க்கும் நோயாளிகளில் ‘உண்டு’ என வந்தவர்களுக்குப் பெரும்பாலும் நோய் இருக்கிறது” என்று ஒரு மருத்துவர் சொன்னால் அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். அவரிடம் வருபவர்கள் அறிகுறிகளோடு வருகிறார்கள். அவர்களிடையே நோய் ஆயிரத்தில் ஒன்று இல்லை, அதைவிடப் பல மடங்கு. 2 சதவீதம் என்பது அறிகுறியே இல்லாதவர்களை வரிசையில் நிறுத்திப் பரிசோதித்தால் வரும் எண். பரிசோதனைக்கு வந்தவர் எப்படி வந்தார் என்று கேட்பது, தொகுப்பாளர் கதவை எப்படித் திறந்தார் என்று கேட்பதேதான்.

புதிய தகவல் வந்ததும் நிகழ்தகவைத் திருத்தித் தரும் பேயஸ் சூத்திரத்தை எழுதிக் காட்டிவிடலாமா?

ஏற்கெனவே அதை நம்புகிறவருக்குக் காட்டலாம். மற்றவருக்கு அது அதிகாரத்தின் குரலாகக் கேட்கும்.

சந்தேகப்படுபவரே சோதித்துப் பார்க்கக்கூடிய வேறு நல்ல புதிர் சொல்லுங்கள்.

நாணயத்தைச் சுண்டிக்கொண்டே இருங்கள். ‘தலை-தலை’ அடுத்தடுத்து வரும்வரை சராசரியாக எத்தனை முறை சுண்ட வேண்டும்? ‘தலை-பூ’ வரும்வரை எத்தனை? எந்த இரண்டு சுண்டல்களை எடுத்தாலும் இரண்டுக்கும் வாய்ப்பு 1/4 என்பதால் காத்திருப்பும் சமமாகத்தான் இருக்க வேண்டும் என்று வாதிடுவார்கள். தலை-தலைக்கு 6, தலை-பூவுக்கு 4. காரணத்தைச் சுண்டும்போதே காணலாம்: ஒரு தலை விழுந்த பிறகு பூவுக்குக் காத்திருப்பவர் ஏமாந்தால், அவர் கையில் இன்னொரு தலை இருக்கும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தலைக்குக் காத்திருப்பவர் ஏமாந்தால் கையில் இருப்பது பூ. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எல்லா விதிகளையும் சொன்ன பிறகும் அறிஞர்கள் உடன்படாத புதிர் இருக்கிறதா?

இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தூங்கும் அழகி புதிர்: ஞாயிறன்று ஒருத்தியைத் தூங்கவைத்து நாணயத்தைச் சுண்டுகிறார்கள். தலை விழுந்தால் திங்களன்று மட்டும் எழுப்புவார்கள். பூ விழுந்தால் திங்களன்று எழுப்பி, அந்த நினைவை அழித்து மீண்டும் தூங்கவைத்து, செவ்வாயன்றும் எழுப்புவார்கள். விதிகள் எல்லாம் அவளுக்கு முன்கூட்டியே தெரியும். எழுந்தவுடன், “தலை விழுந்திருக்கும் என்பதற்கு நீ தரும் நிகழ்தகவு என்ன?” என்று கேட்கிறார்கள். 2000இல் ஆடம் எல்கா 1/3 என்று வாதிட்டார். 2001இல் டேவிட் லூயிஸ் 1/2 என்று பதிலளித்தார். வழக்கு இன்னும் முடியவில்லை.

ஒரு விடையை மட்டும் சரி என்று சொல்லி இதை நான் யாருக்கும் விளக்குவதில்லை. எழுப்பப்படும் ஒவ்வொரு முறையும் பந்தயம் கட்டிப் பணம் கைமாறினால் 1/3 என்று கணக்கிடுபவர் நட்டப்பட மாட்டார். முழுச் சோதனைக்கும் ஒரே பந்தயம் என்றால் 1/2 என்பவர் நட்டப்பட மாட்டார். பணக் கணக்கில் இரு தரப்பும் ஒத்துப்போகிறார்கள். ‘நிகழ்தகவு’ என்று அவளிடம் கேட்டது இந்த இரண்டில் எதை என்பதில்தான் பிரிகிறார்கள்.